பாதாள வழி – 7: ஒற்றை வாசல்

*(சென்ற வாரம்: 1712-இல் இங்கிலாந்தின் டட்லி அருகே தாமஸ் நியூகமன் நிறுத்திய நீராவி இன்ஜின், குதிரைகளும் வாளிகளும் இறைக்க முடியாத சுரங்கத் தண்ணீரை இறைத்துக் காட்டியது. அதன் பிறகு சுரங்கங்கள் ஆழமாகின. தண்ணீரை மனிதன் வென்றுவிட்டான் என்று எழுதி முடித்திருந்தேன். அந்த வரியை இந்த வாரம் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.)*

1862 ஜனவரி 16, வியாழக்கிழமை. இங்கிலாந்தின் வடகிழக்கு ஓரத்தில் கடலை ஒட்டிக் கிடக்கும் நார்தம்பர்லாந்து மாவட்டம். அங்கே நியூ ஹார்ட்லி என்ற சிறிய சுரங்கக் கிராமம். ஊரின் பிழைப்பு முழுக்க ஹெஸ்டர் குழி என்ற ஒரே ஒரு நிலக்கரிக் குழியை நம்பித்தான்.

காலை பத்தரை மணி. ஷிப்ட் மாறும் நேரம்.

நம் ஊர் ஆலைகளில் ஷிப்ட் மாறினால் ஒரு கூட்டம் வாசல் வழியே வெளியே போகும், இன்னொரு கூட்டம் உள்ளே வரும். ஹார்ட்லியில் அப்படியில்லை. இரவு இருட்டில் இறங்கிய முதல் ஷிப்ட், தன் இடத்தை அடுத்த ஆளிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். ஒப்படைப்பு நடப்பது நிலக்கரி முகப்பிலேயே. அதனால் ஒரு நாளின் அந்தச் சிறு இடைவெளியில் மட்டும் இரண்டு ஷிப்ட் ஆட்களும் ஒரே நேரத்தில் பூமிக்குள் இருப்பார்கள். தந்தை கிளம்பிக்கொண்டிருப்பார், மகன் அப்போதுதான் இறங்கியிருப்பான்.

வேலை முடித்த ஆட்களைக் கூண்டு மேலே ஏற்றத் தொடங்கியிருந்தது. அப்போது கூண்டில் இருந்தவர்கள் எட்டுப் பேர். அவர்களுக்குப் பின்னால் கீழே காத்திருந்தவர்களும், அப்போதுதான் மண்வெட்டியைக் கையில் எடுத்தவர்களும் சேர்த்து நூற்றுத் தொண்ணூற்றொன்பது பேர்.

கூண்டு பாதி வழியில் இருந்தது. தலைக்கு மேலே, வெளிச்சம் வரும் அந்த வட்டத்தில், ஏதோ ஒன்று முறிந்தது.

•

முறிந்தது என்ன என்று சொல்வதற்கு முன் அந்தக் குழியைக் கொஞ்சம் சுற்றிப் பார்த்துவிடுவோம். ஒரு விபத்தைப் புரிந்துகொள்ள, அது நடந்த நாளைவிட அதற்கு முந்தைய ஆண்டுகளைப் பார்ப்பதுதான் நல்லது.

அங்கே நிலக்கரி எடுப்பது பல நூற்றாண்டுப் பழக்கம். நிலக்கரி அடுக்கோ கரையோடு நிற்கவில்லை. கடலுக்கு அடியிலும் நீண்டது. நிலக்கரியைத் துரத்திக்கொண்டு மனிதர்களும் கடலுக்கு அடியில் போனார்கள். 1844-இல் பழைய ஹார்ட்லி சுரங்கத்தில் தண்ணீர் புகுந்தது. சுரங்கத்தைக் கைவிட வேண்டியதாயிற்று.

அடுத்த ஆண்டே சற்றுத் தள்ளிப் புதிய குழி தோண்டத் தொடங்கினார்கள். 1846-இல் கீழ் அடுக்கு நிலக்கரியைத் தொட்டார்கள். அதுதான் ஹெஸ்டர் குழி. ஆழம் ஏறக்குறைய அறுநூறு அடி. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தை ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று அடுக்கித் தலைகீழாகப் புதைத்தால் கிட்டத்தட்ட அந்த ஆழம் வரும். அகலமோ பன்னிரண்டு அடி சொச்சம்தான். நம் பக்கத்துத் தோட்டத்துக் கிணறுகளில் பலவும் இதைவிட அகலமானவை.

இந்தப் பன்னிரண்டடிக்குள் எத்தனை வேலைகள் நடந்தன என்று பாருங்கள். ஆட்கள் இறங்குவதும் ஏறுவதும் இதன் வழியே. வெட்டிய நிலக்கரி மேலே வருவதும் இதன் வழியே. பம்பின் குழாய்களும் கம்பிகளும் தொங்குவதும் இதற்குள்ளேதான். நல்ல காற்று உள்ளே போவதும் கெட்ட காற்று வெளியே வருவதும்கூட இதே துளையின் வழியேதான்.

ஒரே துளையில் காற்று எப்படி உள்ளேயும் போகும், வெளியேயும் வரும்? அதற்கு அந்தக் காலத்தவர் ஒரு வழி வைத்திருந்தார்கள். குழியின் நடுவே மேலிருந்து கீழ்வரை பலகைகளால் ஒரு தடுப்புச் சுவர் எழுப்பினார்கள். வட்டம் இரண்டு அரைவட்டமானது. சுரங்கத்துக்குள்ளேயே ஓர் உலை மூட்டி இரவும் பகலும் எரிய விட்டார்கள். உலையின் சூட்டில் காற்று இலேசாகி ஒரு பாதி வழியே புகைபோக்கியில் ஏறுவதுபோல் மேலே ஏறும். அது விட்டுச்சென்ற இடத்தை நிரப்ப, மறுபாதி வழியே குளிர்ந்த நல்ல காற்று கீழே இறங்கும். விறகடுப்புக்குப் புகைக்கூண்டு வைத்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

பூமிக்குள் தீ மூட்டி மூச்சு விடுவது விபரீதமாகத் தெரியலாம். ஆனால் அது வேலை செய்தது, பல்லாண்டுகள். ஒரே ஒரு நிபந்தனை: நடுவில் இருக்கும் பலகைச் சுவர் நிற்க வேண்டும்.

இரண்டாவதாக இன்னொரு குழி தோண்டியிருந்தால் இந்த வித்தையெல்லாம் தேவைப்பட்டிருக்காது. ஒன்றில் காற்று இறங்கும், மற்றதில் ஏறும். ஒன்று அடைபட்டாலும் மற்றதன் வழியே ஆட்கள் வெளியே வரலாம். இது தெரியாமல் இல்லை. ஆனால் நீர் கசியும் மண்ணிலும் பாறையிலும் அறுநூறு அடி தோண்டுவதென்றால் பெரும் பணம், வருடக்கணக்கில் காலம். அதுவும் ஒரு கரித்துண்டுகூட விற்பதற்கு முன்னால் போட வேண்டிய முதல். அதனால் அந்தப் பகுதியின் பல சுரங்கங்கள் ஒற்றைக் குழியோடுதான் ஓடின. சட்டமும் எதுவும் சொல்லவில்லை.

நூற்றுக்கணக்கான ஆட்களுக்கு வாசல் ஒன்று. அந்த வாசலுக்கு நேர் மேலே என்ன தொங்கிக்கொண்டிருந்தது?

•

நம் ஊர் ஏற்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு கால், அதன்மேல் குறுக்கே ஒரு நீண்ட மரம். மரத்தின் ஒரு முனையில் கிணற்றுக்குள் சால் தொங்கும். ஆள் மரத்தின்மேல் முன்னும் பின்னும் நடப்பான். அவன் எடை ஒரு பக்கம் சாயும்போது மறுபக்கம் தண்ணீரோடு சால் ஏறும்.

ஹார்ட்லியின் பம்ப் இன்ஜினும் ஏற்றம்தான், ராட்சத ஏற்றம். நடக்கும் ஆளுக்குப் பதில் நீராவி. ஏற்றமரத்துக்குப் பதில் வார்ப்பிரும்பு உத்தரம். இன்ஜின் வீட்டின் கனமான சுவரின்மேல் அது நடுவில் அச்சாணியோடு உட்கார்ந்திருக்கும். உள்முனையை நீராவி உருளை கீழே இழுக்கும். வெளிமுனை குழியின் வாய்க்கு நேர்மேலே நீட்டிக்கொண்டிருக்கும். அதிலிருந்து பம்பின் நீண்ட கம்பிகள் பாதாளம்வரை தொங்கும். உத்தரத்தின் எடை 42 டன். பத்து யானைகளை ஒன்றாக நிறுத்திய எடை.

கடலோரச் சுரங்கம். ஊற்று நிற்காது. அதனால் அந்த உத்தரமும் நிற்கக்கூடாது. ஏறி இறங்கி, ஏறி இறங்கி, மழையிலும் பனியிலும் அது ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். கீழே இருப்பவர்கள் நனையாமல் வேலை செய்வது மேலே இருக்கும் இந்த இரும்பின் தயவால். சுரங்கத்தில் நிலக்கரி வெட்டுபவன்தான் கண்ணுக்குத் தெரிவான். ஆனால் சுரங்கத்தைச் சுரங்கமாக வைத்திருப்பது தண்ணீரை வெளியேற்றுபவனும், காற்றை உள்ளே அனுப்புபவனும், கூரையைத் தாங்க முட்டுக் கொடுப்பவனும். அவர்கள் ஒருநாள் கை விட்டால் மறுநாள் அங்கே சுரங்கம் இருக்காது.

இனி அந்த இரும்பைப் பற்றி ஒரு சொல். வார்ப்பிரும்பு அழுத்தினால் அசையாது, இழுத்தால் தாங்காது. தூணாக நிறுத்தினால் கோட்டையைச் சுமக்கும். ஆனால் ஏற்றமரம்போல் நடுவில் தாங்கி இரு முனைகளையும் கீழே இழுத்தால், அதன் மேல்பக்கம் நீட்டி இழுக்கப்படும். ஒரு சுண்ணாம்புக் கட்டியை இரு கைகளாலும் பிடித்துக் கட்டைவிரல்களை நடுவில் கொடுத்து வளைத்துப் பாருங்கள். வளையாது, நெளியாது, எச்சரிக்காது. படக்கென்று இரண்டாகும். வார்ப்பிரும்பும் அந்தச் சாதிதான். வார்க்கும்போது உள்ளே ஒரு காற்றுக்குமிழி, ஒரு மெல்லிய பிசகு இருந்தாலும் வெளியே தெரியாது. ஒவ்வொரு ஆட்டத்திலும் இழுவை கூடும், குறையும். ஒருமுறை தாங்கும் சுமையை இலட்சம் முறை ஏற்றி இறக்கினால் உலோகம் உள்ளுக்குள் களைத்துப்போகும். பிரஷ்யாவில் ஆகஸ்ட் வோலர் என்ற பொறியாளர் ரயில் அச்சுகளை வைத்து இதே களைப்பைத்தான் அந்த ஆண்டுகளில் அளந்துகொண்டிருந்தார்.

எச்சரிக்கை ஏற்கெனவே வந்தும் இருந்தது. 1847-இல் செஸ்டர் நகரில் டீ ஆற்றின்மேல் ரயில் போய்க்கொண்டிருந்தபோது வார்ப்பிரும்பு உத்தரம் முறிந்து பெட்டிகள் ஆற்றில் விழுந்தன. ஐந்து பேர் மாண்டார்கள். பாலம் கட்டியவர் ராபர்ட் ஸ்டீபன்சன், அன்றைய பொறியாளர்களில் முதல் வரிசையில் நின்றவர். அதன்பின் பாலங்களில் வார்ப்பிரும்பு உத்தரம் வைக்க இன்ஜினியர்கள் தயங்கினார்கள். சுரங்கத்தின் தலைக்கு மேலே ஆடிக்கொண்டிருந்த உத்தரங்களைப் பற்றி யாரும் அப்படித் தயங்கவில்லை.

பதினைந்து ஆண்டுகள் கழித்து, அந்த வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு, ஹார்ட்லியின் உத்தரம் நடுவில் இரண்டாக முறிந்தது. உள்முனை இன்ஜின் வீட்டுக்குள் சாய்ந்தது. குழியின் வாய்க்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த பாதி, இருபது டன்னுக்கும் அதிகமான இரும்பு, விழுவதற்கு ஒரே ஒரு இடம்தான் இருந்தது.

கூண்டு வந்துகொண்டிருந்த இடம்.

•

இருபது டன் இரும்பு தனியாக விழவில்லை. வழியில் இருந்த பலகைச் சுவரைப் பிய்த்துக்கொண்டு போனது. பம்புக் குழாய்களை உடைத்தது. குழியின் பக்கவாட்டுக்கு முட்டுக்கொடுத்திருந்த மரங்களைப் பெயர்த்தது. மரங்கள் போனதும் பின்னாலிருந்த கல்லும் மண்ணும் சரிந்தன. எல்லாம் ஒன்றாகக் கீழே போய், குழியின் ஓரிடத்தில் சிக்கி, புட்டியின் வாயில் தக்கை இறுகுவதுபோல் இறுகி நின்றுவிட்டன.

கூண்டு நொறுங்கியது. எட்டுப் பேரில் சிலர் வெளியே வீசப்பட்டார்கள். சிலர் முறிந்த கூண்டின் எச்சத்தில் தொங்கினார்கள். மேலே ஒளிவட்டம், கீழே முனகல், சுற்றிலும் ஒழுகும் நீர்.

தாமஸ் வாட்சன் என்ற தொழிலாளி பிழைத்துத் தொங்கியவர்களில் ஒருவர். மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்தவர். சற்றுக் கீழே இடிபாட்டின்மேல் சக ஆட்கள் சாகும் நிலையில் முனகுவது அவருக்குக் கேட்டது. மேலே போவதற்கான வழியைத் தேடவேண்டிய அந்த நேரத்தில் அவர் கீழே இறங்கினார். சாகிறவர்களின் அருகில் இருந்து ஜெபித்தார். சுற்றுச்சுவர் எந்த நொடியும் சரியலாம், உட்கார்ந்திருக்கும் இடிபாடே உள்வாங்கலாம். பல மணி நேரப் போராட்டத்துக்குப் பிறகு கயிறு இறக்கி மேலே கொண்டுவரப்பட்டபோது எட்டில் மூவர்தான் உயிரோடு இருந்தார்கள். வாட்சன் அந்த மூவரில் ஒருவர்.

மற்ற ஐவருக்காக ஊர் அழக்கூட நேரமில்லை. தக்கைக்குக் கீழே நூற்றுத் தொண்ணூற்றொன்பது பேர். அவர்களில் பத்து, பதினோரு வயதுச் சிறுவர்களும் உண்டு. பத்து வயதுக்கு உட்பட்டவர்களைச் சுரங்கத்துக்குள் அனுப்பக்கூடாது என்று 1842 சட்டம் சொன்னது. பத்து முடிந்தவனை அது தடுக்கவில்லை.

அந்த நொடியில் அவர்களில் யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. இரும்பு அவர்களைத் தொடவே இல்லை. இரும்பு அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது மூன்று விஷயங்களை: வாசல், பம்ப், காற்று.

முதலில் அவர்களை நெருங்கியது எது?

•

தண்ணீர்தான். பம்ப் நின்றதும் கீழ் அடுக்கில் ஊற்று ஏறத் தொடங்கியது. அனுபவசாலிகளுக்கு இது உடனே புரிந்திருக்கும். கீழ் அடுக்கிலிருந்து மேலே உள்ள இன்னொரு நிலக்கரி அடுக்குக்கு, யார்டு அடுக்கு என்று அதற்குப் பெயர், உள்ளுக்குள்ளேயே ஒரு சிறு குழியும் ஏணியும் இருந்தன. அதன் வழியே அத்தனை பேரும் ஏறினார்கள். பையன்களை முன்னால் விட்டு, முதியவர்களைத் தாங்கி, அணையா விளக்குகளைக் கையில் பிடித்து. ஒழுங்காக, பதற்றப்படாமல் ஏறியிருக்க வேண்டும். பின்னால் அவர்களைக் கண்டவர்கள் சொன்ன நிலை அதைத்தான் காட்டுகிறது.

தண்ணீரிலிருந்து தப்பிவிட்டார்கள். இனி மேலே தோண்டுகிறவர்கள் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். முதலில் தக்கைக்குக் கீழேயிருந்து தட்டும் ஓசை கேட்டது. சுரங்கத் தொழிலாளர் மட்டும் அறிந்த சங்கேதம் அது: இருக்கிறோம், உயிரோடிருக்கிறோம். மேலே ஊர் திரண்டு நின்றது. பெண்கள் குழிமேட்டை விட்டு வீட்டுக்குப் போக மறுத்தார்கள்.

மீட்பை நடத்தியவர் வில்லியம் கோல்சன், முதியவர். குழி வெட்டுவதையே தொழிலாகக் கொண்ட தலைமை மேஸ்திரி. நீர் ஊறும் மண்ணில், புதைமணலில், மற்றவர்கள் கைவிட்ட இடங்களில் குழி இறக்கிப் பேர் வாங்கியவர். ஜெர்மனியின் ரூர் பகுதிக்கே போய்க் குழி வெட்டித் தந்தவர். அந்த வட்டாரத்தில் இந்த வேலைக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் இல்லை.

வேலை எப்படிப்பட்டது என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். இடிபாட்டின்மேல் நிற்க இடமில்லை. குழி வெட்டுபவர்கள் கயிற்றுச் சுருக்கில் தொடையைக் கொடுத்துத் தொங்கினார்கள். பன்னிரண்டடி வட்டத்தில் ஒரே சமயம் சிலர்தான் வேலை செய்ய முடியும். மேலே ஆயிரம் பேர் உதவிக்கு நின்றும் பயனில்லை. கீழே குறுக்கும் நெடுக்குமாகச் சிக்கிய மரங்களை ஒவ்வொன்றாக ரம்பத்தால் அறுக்க வேண்டும். அறுத்ததைக் கட்டி மேலே அனுப்ப வேண்டும். தவறான மரத்தை அறுத்தால் தக்கை மொத்தமாகக் கீழே சரியும். அவர்களும் அதோடு போவார்கள், கீழே இருப்பவர்களின் கடைசி வழியும் போகும். பக்கச் சுவரிலிருந்து கல் பெயர்ந்து விழுந்துகொண்டே இருக்கும். முதலில் அதற்கு முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் அடுத்த மரத்தைத் தொட முடியும். தலைமீது குளிர்நீர் கொட்டும். ஒரு குழு களைத்ததும் அடுத்த குழு. இரவும் பகலும்.

செய்தித்தாள்களின் நிருபர்கள் குவிந்தார்கள். தந்தி வழியே நாடு முழுக்கக் காத்திருந்தது. அந்தக் காத்திருப்பில் ஓர் அரசியும் இருந்தார். கணவர் ஆல்பர்ட்டை இழந்து ஏறக்குறைய ஐந்து வாரமே ஆகியிருந்த விக்டோரியா, ஆஸ்போர்ன் மாளிகையிலிருந்து தந்தி அனுப்பி நிலவரம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

தோண்டுகிறவர்கள் தக்கையைக் குடைந்து இறங்க இறங்க, கீழிருந்து வேறொன்று மேலே வரத் தொடங்கியது. கயிற்றில் தொங்கியவர்களுக்குத் தலை சுற்றியது. கால் துவண்டது. மயங்கியவர்களை ஒவ்வொருவராக மேலே இழுக்க வேண்டியதாயிற்று.

கோல்சனுக்கு அது என்ன என்று தெரிந்தது. அதன் பொருளும் தெரிந்தது.

•

உலையை நினைவிருக்கிறதா?

காற்றை இழுப்பதற்காகச் சுரங்கத்துக்குள் எரிந்த அந்த உலை யார்டு அடுக்கில் இருந்தது. தண்ணீருக்குத் தப்பி அத்தனை பேரும் ஏறிப்போய் அடைக்கலம் புகுந்த அதே அடுக்கு. குழி திறந்திருந்தவரை அதன் புகை மேலே போனது. பலகைச் சுவர் பிய்ந்து, வழி அடைபட்டதும் புகைக்குப் போக்கிடமில்லை. போதிய காற்றில்லாமல் எரியும் கரியிலிருந்து வருவது கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, மணமில்லை, தொண்டையைக் கரிப்பதுமில்லை. இரத்தத்தில் பிராணவாயு ஏற வேண்டிய இடத்தில் இது ஏறி உட்கார்ந்துகொள்ளும். தலைவலிக்கும், பிறகு உறக்கம் வரும்.

கோல்சனின் ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு முதலில் காற்றுக்கு வழி செய்தார்கள். பிய்ந்துபோன பலகைச் சுவருக்குப் பதிலாகக் குழியின் நடுவே மேலிருந்து கெட்டித் துணியை இறக்கித் தொங்கவிட்டார்கள். துணிச்சுவர் குழியை மீண்டும் இரண்டாகப் பிரித்தது. ஒரு பக்கம் காற்று இறங்க, மறுபக்கம் நச்சுக்காற்று ஏறியது. உயிர்காக்கும் பொறியியல் சில சமயம் இவ்வளவுதான்: சரியான இடத்தில் தொங்கும் ஒரு துணி.

ஜனவரி 22, புதன்கிழமை. ஏழாம் நாள். ஆள் நுழையும் அளவுக்கு வழி திறந்தது.

உள்ளே போனவர்கள் விளக்கைத் தூக்கிப் பார்த்தார்கள். ஓடிய அடையாளமில்லை, முண்டியடித்த அடையாளமில்லை. வரிசையாகச் சுவரில் சாய்ந்தும் படுத்தும் கிடந்தார்கள், வேலைக்கு நடுவே கண்ணயர்ந்தவர்களைப்போல. தந்தையின் தோளில் மகன். அண்ணனின் கைக்குள் தம்பி. நூற்றுத் தொண்ணூற்றொன்பது பேரில் ஒருவர்கூட உயிரோடு இல்லை.

மேற்பார்வையாளர் ஒருவரிடம் ஒரு குறிப்பேடு கிடைத்தது. தினமும் வேலைக் கணக்கு எழுதுகிற ஏடு. அதில் வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டரை மணிக்கு ஒரு குறிப்பு எழுதப்பட்டிருந்தது. இரண்டு மணிக்குக் கால்மணி முன்னால் ஜெபக்கூட்டம் நடந்தது. யார் யார் ஆறுதல் சொன்னார்கள். சிலருக்கு உடல்நிலை மிகவும் மோசமாகிவிட்டது. அவர்கள் பெயர்கள் இன்னவை. அதற்குமேல் எழுதவில்லை.

கணக்குப் பார்த்தால் உத்தரம் முறிந்து இருபத்தெட்டு மணி நேரம். அதன்பிறகு அவர்கள் அதிக நேரம் இருந்திருக்க வாய்ப்பில்லை. ஆறு நாள் கயிற்றில் தொங்கி ரம்பத்தால் அறுத்த ஆட்கள், அவற்றில் பெரும்பாலான நாட்களில் உயிரில்லாத ஓர் இடத்தை நோக்கித்தான் அறுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் குறை எதுவும் வைக்கவில்லை. ஆறு நாள் வேலையை ஒரு நாளில் முடிக்க உலகில் எந்த மேஸ்திரியாலும் முடியாது. அவர்களுக்குத் தங்கப் பதக்கமும் வெள்ளிப் பதக்கங்களும் பின்னால் வந்தன, தங்கம் கோல்சனுக்கு.

ஜனவரி 26, ஞாயிறு. ஹார்ட்லியிலிருந்து எர்ஸ்டன் தேவாலயத்துக்கு வண்டி வண்டியாகச் சவப்பெட்டிகள் போயின. கல்லறைத் தோட்டத்தில் இடம் போதவில்லை. நார்தம்பர்லாந்துப் பிரபு பக்கத்து நிலத்தைத் தந்தார்.

கூண்டில் மாண்ட ஐவரையும் சேர்த்து மொத்தம் 204 பேர். ஒரு சிறு கிராமத்தின் ஆண்மக்களில் பெரும்பகுதி.

•

விசாரணை நடந்தது. யார் குற்றவாளி?

இன்ஜின் ஓட்டியவர் தவறு செய்யவில்லை. உத்தரத்தின் முறிவை முன்கூட்டிப் பார்த்திருக்க முடியாது. சுரங்க உரிமையாளர்கள் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. மீறுவதற்கு அப்படியொரு சட்டமே இல்லை. தீர்ப்பளித்த ஜூரிகள் யாரையும் தண்டிக்கச் சொல்லவில்லை. இரண்டு பரிந்துரைகளை மட்டும் வைத்தார்கள். ஒன்று, சுரங்க இன்ஜின்களின் உத்தரங்களை வார்ப்பிரும்பில் செய்யாமல், அடித்து வளைக்கத்தக்க இரும்பில் செய்ய வேண்டும். மற்றொன்று, ஒவ்வொரு சுரங்கத்துக்கும் இரண்டாவது குழி வேண்டும்.

இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டில்தான் இந்த வாரக் கதையின் உயிர் இருக்கிறது.

முதல் பரிந்துரை, இயந்திரம் முறியக்கூடாது என்கிறது. நல்லதுதான். ஆனால் முறியாத இயந்திரம் என்று ஒன்று கிடையாது. இன்று உத்தரம் முறியும். நாளை கயிறு அறும். மறுநாள் கூரை இறங்கும். இரண்டாவது பரிந்துரை, இயந்திரம் முறிந்தே தீரும் என்று ஒப்புக்கொள்கிறது. முறிந்தால் ஆள் எந்த வழியே வெளியே வருவான் என்று கேட்கிறது. வலிமையான கதவைச் செய்பவன் நல்ல தச்சன். கொல்லைப்புறத்திலும் ஒரு கதவு வைப்பவன்தான் வீட்டுக்குள் இருப்பவர்களை நினைத்தவன்.

அந்தக் கொல்லைக் கதவுக்கு ஆகும் செலவைப் பற்றி எத்தனையோ ஆண்டு பேசியவர்கள் இப்போது வாய் திறக்கவில்லை. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அவசரமாக நகர்ந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 7-ஆம் தேதி சட்டம் வந்தது. இனி எந்த நிலக்கரிச் சுரங்கமும் ஒற்றைக் குழியோடு ஓடக்கூடாது. குறைந்தது இரண்டு வெளிவழிகள் வேண்டும். இரண்டுக்கும் இடையே குறைந்தது பத்தடி இயற்கையான பாறை இருக்க வேண்டும். ஒரே குழியைப் பலகையால் இரண்டாக்கிவிட்டு இரண்டு என்று கணக்குக் காட்ட முடியாது. பழைய சுரங்கங்களுக்குச் சற்று அவகாசம் தரப்பட்டது.

அந்தப் பத்தடிப் பாறையைப் பலகைச் சுவரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சட்டத்தை எழுதியவர்கள் ஹார்ட்லியைக் கண்முன் வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார்கள். சுரங்கப் பாதுகாப்பு விதிகள் பெரும்பாலும் இப்படித்தான் பிறந்திருக்கின்றன. ஒவ்வொரு வரியையும் சுரண்டிப் பார்த்தால் கீழே ஒரு கிராமம் இருக்கும். இன்றும் இந்தியாவின் நிலத்தடி நிலக்கரிச் சுரங்கங்களுக்குத் தனித்தனியான இரண்டு வெளிவழிகள் கட்டாயம். ஜார்க்கண்டிலோ வங்காளத்திலோ தெலங்கானாவிலோ கீழே இறங்கும் ஒரு தொழிலாளிக்கு ஹார்ட்லி என்ற பெயர் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு இரண்டாவது வழி இருக்கிறது.

ஆக, பாடம் படித்தாயிற்று. வாசல்கள் கூடின. ஐரோப்பா முழுக்க ஒரு குழிக்கு இன்னொரு குழி துணையானது. கீழேயும் அவற்றைச் சுரங்கப் பாதைகளால் இணைத்தார்கள். ஒன்று அடைபட்டால் இன்னொன்று, அதுவும் அடைபட்டால் மற்றொன்று. ஒரு சுரங்கத்திலிருந்து பக்கத்துச் சுரங்கத்துக்கு மைல் கணக்கில் நடந்தே போகலாம். இனி யாரும் ஹார்ட்லியைப்போல் சிக்க மாட்டார்கள் என்று நம்பினார்கள்.

பிரான்சின் வடக்கே பா-து-கலே பகுதியில் கூரியேர் என்ற நிலக்கரிச் சுரங்கம். அங்கே வாசல் ஒன்றல்ல, பல. எல்லாம் கீழே ஒன்றோடொன்று இணைந்தவை. ஆள் தப்பிக்கத் தேவையான எல்லா வழிகளும் இருந்தன.

1906 மார்ச் 10, சனிக்கிழமை காலை. ஆயிரத்துக்கும் அதிகமானோர் உள்ளே இறங்கியிருந்த நேரத்தில், அந்த வழிகளில் ஓடியது ஆட்கள் அல்ல. தீ. ஒரு குழியில் தொடங்கிய வெடிப்பு, தப்பிக்க வெட்டிய பாதைகள் வழியாகவே அடுத்தடுத்த குழிகளுக்குத் தாவியது. அதைச் சுமந்துபோனது எரிவாயு மட்டுமல்ல. தொழிலாளர்கள் தினமும் தோளிலிருந்து தட்டிவிட்ட, யாரும் ஒரு பொருளாகவே மதிக்காத ஒன்று.

தேடினார்கள். பிணங்களை எடுத்தார்கள். இனி உயிரோடு யாரும் இல்லை என்று முடிவு கட்டினார்கள்.

இருபதாம் நாள், அந்த இருட்டுக்குள்ளிருந்து யாரோ நடந்து வந்தார்கள்.

*(தொடரும்)*